நாலு பேர் வைத்த மருந்து

எங்கள் வீட்டில் நாய் மேல் உண்ணியைப் பார்த்தால் பார்த்ததாகச் சொல்லக் கூடாது. யாரும் எழுதி மாட்டிய சட்டம் இல்லை, அடி வாங்கி வாங்கி நாங்களாகவே கற்றுக்கொண்டது. சொன்னால், இத்தனை நாள் கண்ணை எங்கே வைத்திருந்தாய் என்று ஓர் அறை விழும். சொல்லாமல் விட்டு அவரே கண்டுபிடித்தால் பெல்ட்டைக் கழற்றுவார். ஆகவே பார்த்தவர் வாயைத் திறக்காமல், இன்னொருவருக்குத் தெரியாமல், அந்த உண்ணியைத் தீர்த்துக் கட்டிவிட வேண்டும். இந்தக் கெட்டிக்காரத்தனம்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் பின்கட்டை ரத்தக்களறி ஆக்கியது.

அவர் என்றால் என் வீட்டுக்காரர். ஊரே அவரைக் கேப்டன் என்று கூப்பிடும். பட்டாளத்து வாசலைக்கூட மிதித்தவர் இல்லை. ஒரு கிடங்கில் காவல்காரராக இருந்தபோது மீசையை முறுக்கிக்கொண்டு லாரி டிரைவர்களை அதட்டிய அதட்டலில் ஒட்டிக்கொண்ட பெயர். பிறகு அந்த வேலையை விட்டுவிட்டு, நாய்களைப் பழக்கி ஆலைகளுக்கும் கிடங்குகளுக்கும் காவலுக்கு வாடகைக்கு விடும் தொழிலில் இறங்கினார். வீட்டுக்குப் பின்னால் வரிசையாகக் கம்பிக் கூண்டுகள், சிமெண்டுத் தரை, ஒரு தண்ணீர்த் தொட்டி, சுவரோரமாகத் தீனி மூட்டைகள். இருப்பதிலேயே பெரிய நாய்க்கு மேஜர் என்று பெயர் வைத்தார். கேப்டனுக்கு மேலேதான் மேஜர் என்பதை எடுத்துச் சொல்ல எங்களில் யாருக்கும் தைரியம் வரவில்லை. அதை நினைத்து நானும் என் தம்பியும் சமையலறையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறோம். அந்த வீட்டில் எங்களுக்குக் கிடைத்த சிரிப்பு அவ்வளவுதான்.

தம்பி எங்களோடுதான் இருந்தான். லாரி ஷெட்டில் வேலை போய், கட்டியவளும் உதறிவிட்டுப் போய், போக்கிடம் இல்லாமல் என்னிடம் வந்தவன். தெண்டத்துக்குச் சோறு போட முடியாது என்று கேப்டன் அவனைக் கூண்டு வேலையில் போட்டார். கழுவுவது, தீனி வைப்பது, குளிப்பாட்டுவது, நடத்திக் கூட்டிப்போவது எல்லாம் அவன்தான். நடந்தால் காலடிச் சத்தமே கேட்காது என்பதால் அவனுக்குப் பூனை என்று பட்டப்பெயர். நாய்க் கூண்டில் பூனை வேலை பார்க்கிறது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக் கேப்டன் வயிறு குலுங்கச் சிரிப்பார். என் மாமியாரும் சேர்ந்து சிரிப்பார். அத்தை அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. என்னிடம் 'உன் தம்பி' என்பார், மற்றவர்களிடம் 'அந்தத் தண்டச்சோறு' என்பார்.

தினமும் காலையில் பரேடு உண்டு. கேப்டன் பூட்ஸ் மாட்டிக்கொண்டு வந்து நிற்பார், தம்பி நாய்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து நிறுத்துவான். காதுக்குள், கழுத்து மடிப்பில், விரல் இடுக்கில், வாலுக்கு அடியில் அவர் விரல் போகும். விரலில் ஏதாவது தட்டுப்பட்டால் போச்சு. ஒரு தடவை ரத்தம் குடித்துப் பட்டாணி அளவுக்கு உப்பியிருந்த ஓர் உண்ணியைப் பிடுங்கி, தம்பியை வாயைத் திறக்கச் சொல்லி, பல்லுக்கு நடுவில் வைத்துக் கடிக்கச் செய்தார். அவன் கடித்தான். அன்று முழுக்க அவன் தொட்டியடியில் வாயைக் கொப்பளித்துக்கொண்டே இருந்தான். நான் பார்த்துக்கொண்டே பாத்திரம் தேய்த்தேன். வேறு என்ன செய்வது? குறுக்கே பேசினால் அடுத்தது எனக்கு. எனக்கு விழுந்தால் அவன் குறுக்கே வருவான், அவனுக்கு இரட்டிப்பாக விழும்.

அந்த மாதம் மழை விட்ட பிறகு பின்பக்கப் புல்லெல்லாம் உண்ணியாகிவிட்டது. கேப்டன் கால்நடை டாக்டரம்மாவிடம் போய் மேஜருக்கு மாத்திரை வாங்கி வந்தார். டாக்டரம்மா அவரிடம் தெளிவாகத்தான் சொல்லி அனுப்பியிருக்கிறார். மாத்திரை போட்ட உடனே உண்ணி உதிர்ந்துவிடாது, நாயைக் கடித்து ரத்தம் குடித்தால்தான் அது சாகும், அதனால் ரெண்டு மூன்று நாளைக்கு உடம்பில் தென்படத்தான் செய்யும், பயந்துகொண்டு வேறு எந்த மருந்தையும் போட்டுவிடாதீர்கள் என்று. இதை வீட்டில் வந்து எங்களிடம் சொன்னால் அவர் கௌரவம் என்ன ஆவது? ஒரு மாத்திரையை மேஜர் வாயில் போட்டார், மீதி அட்டையை அலமாரியில் வைத்தார், அவ்வளவுதான். அவர் மாத்திரை கொடுத்ததே எனக்குத் தெரியாது.

மறுநாள், சனிக்கிழமை, தம்பிக்குப் பதிலாகச் சோறு வைக்கப் போனபோது மேஜரின் காதுக்குப் பின்னால் ஓர் உண்ணியைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு கிடங்கு முதலாளி மேஜரைப் பார்க்க வருவதாக இருந்தது. பெரிய கிடங்கு, வருஷக் கணக்கில் வாடகை. காலைப் பரேடில் இந்த உண்ணி கேப்டன் விரலில் தட்டுப்பட்டால் தம்பி உயிரோடு இருப்பானா என்பதே சந்தேகம். கடைக்குப் போகிற சாக்கில் நாய்ச் சாமான் விற்கும் கடைக்குப் போய்ச் சொட்டு மருந்து ஒரு குப்பி வாங்கி வந்தேன். யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து மேஜரின் பிடரி மயிரை விலக்கி முழுவதையும் ஊற்றினேன். ஒரு பெரிய காரியத்தைச் சாதித்துவிட்ட நிம்மதியோடு போய்ப் படுத்தேன்.

ஞாயிறு காலை மேஜர் பரேடுக்கு வரும்போதே அதன் நடை சரியில்லை. பின்னங்கால் இரண்டும் ஒன்றையொன்று இடறின. உதட்டின் ஒரு ஓரம் துடித்துக்கொண்டே இருந்தது, வாயிலிருந்து எச்சில் நூலாக வழிந்தது. கேப்டன் அதன் காதைத் தொட்டார். தொட்டதுதான் தாமதம், அது அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து தடாலென்று சிமெண்டில் விழுந்தது. நாலு காலும் காற்றில் நீந்தின. தாடை படபடவென்று அடித்துக்கொண்டது, நாக்கு பல்லில் மாட்டி நுரையெல்லாம் சிவப்பானது. கண் திறந்தே இருந்தது, அதில் பார்வை இல்லை. மற்றக் கூண்டுகளில் இருந்த நாய்கள் எல்லாம் கம்பியில் மோதிக்கொண்டு கத்த ஆரம்பித்தன.

கேப்டனுக்கு ஒன்று புரியாவிட்டால் அவர் கை தம்பியைத்தான் தேடும். சுவரில் தொங்கிய நாய்ச் சங்கிலியை உருவினார். என்னத்தைக் கொடுத்தாய் என்று கேட்டு ஓர் அடி, பதில் வருவதற்குள் அடுத்தது. தம்பி ஒன்றும் கொடுக்கவில்லை என்றான். சங்கிலியின் கொக்கி அவன் வாயில் பட்டு உதடு கிழிந்தது. கீழே விழுந்தவனைப் பூட்ஸ் காலால் விலாவில் மிதித்தார். நான் போய்ச் சங்கிலியைப் பிடித்தேன், ஒரு உதறலில் தொட்டி ஓரத்தில் போய் விழுந்தேன். பிறகு அவனைத் தரையோடு இழுத்துக்கொண்டு போய்க் காலிக் கூண்டு ஒன்றில் தள்ளிப் பூட்டினார்.

"மேஜருக்கு ஏதாவது ஆச்சு, இதே கூண்டுல உன்னையும் கொன்னு போட்டுடுவேன்" என்றார்.

அவர் வாய்க்கு வந்ததைப் பேசுகிறவர் இல்லை. சொன்னால் செய்வார். அந்த நிமிஷத்திலிருந்து எனக்கு இருந்தது ஒரே கவலை. மேஜர் பிழைக்க வேண்டும், பிழைத்தால்தான் என் தம்பி பிழைப்பான். அந்த நாயைக் காப்பாற்று என்று நான் வேண்டாத தெய்வம் இல்லை, அதைக் கொன்றுகொண்டிருப்பது என் குப்பிதான் என்று தெரிந்தும்.

கேப்டன் போன் செய்ததும் டாக்டரம்மா ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். குள்ளமான, தடித்த பெண்மணி. தலைக்கவசத்தைக் கழற்றக்கூட நேரம் எடுக்காமல் மேஜர் பக்கத்தில் மண்டியிட்டு முன்னங்காலில் ஊசி போட்டார். வலிப்பு நின்றது. அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள் மறுபடி தொடங்கியது. அவர் நாயின் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டார், ஈறை அழுத்திப் பார்த்தார், முகம் இறுகியது. இதயம் ரொம்ப மெதுவாக அடிக்கிறது, இது அந்த மாத்திரை ஒன்றால் மட்டும் வந்ததல்ல என்றார். வேறு என்ன போட்டீர்கள் என்று கேட்டார்.

எங்களில் ஒருவரும் வாயைத் திறப்பதற்கு முன் கேப்டன் பதில் சொன்னார். ஒரே ஒரு மாத்திரை, அதுவும் தன் கையால் கொடுத்தது, தன்னைக் கேட்காமல் இந்த வீட்டில் ஒரு துரும்பு அசையாது என்றார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வேறு சொன்னார்.

டாக்டரம்மா அவரைப் பார்க்கவே இல்லை. எங்களைப் பார்த்தார்.

"ஒவ்வொரு மருந்துக்கும் மாத்து மருந்து வேற வேற. என்ன போட்டீங்கன்னு தெரியாம நான் ஊசி போட்டா அதுவே இதைக் கொன்னுடும். சொன்னா பொழைக்கும், சொல்லலைன்னா இன்னும் கொஞ்ச நேரம்தான்."

நான் கூண்டுக்குள் கிடந்த தம்பியைப் பார்த்தேன். அவன் கிழிந்த வாயோடு, வேண்டாம் என்பதுபோல் தலையை ஆட்டினான். நான் சொட்டு மருந்து வைத்ததை அவன் பார்த்திருக்கிறான், என்னைக் காப்பாற்றத்தான் அடியை வாங்கிக்கொண்டு கிடக்கிறான் என்று நினைத்தேன். மனசு பொறுக்கவில்லை. நான்தான் பிடரியில் சொட்டு மருந்து ஊற்றினேன், ஒரு குப்பி முழுவதும் என்று டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

கேப்டன் என் கொண்டையைப் பிடித்தார். கூண்டுக் கம்பியில் என் நெற்றி மோதிய சத்தம் எனக்கே கேட்டது. இரண்டாவது தடவை மோதியபோது கண்ணுக்குள் வெளிச்சம் போய் வந்தது, சூடாக ஏதோ மூக்கு வழியாக இறங்கியது. டாக்டரம்மா அவர் கையைப் பிடித்து இழுத்தார், கேப்டன் டாக்டரம்மாவையும் ஒரு தள்ளு தள்ளினார். மூன்றாவது மோதலுக்கு என் தலையைப் பின்னால் இழுத்தபோதுதான் அத்தையின் குரல் கேட்டது.

"அவளை விடுடா. நானும் ஒண்ணு குடுத்தேன்."

அத்தை வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். வயிற்றுக்கு அடியில் உண்ணியைப் பார்த்தாராம். மகன் மாத்திரை வாங்கி வைத்துவிட்டுக் கொடுக்க மறந்துவிட்டான், சொன்னால் எரிந்து விழுவான் என்று அலமாரி அட்டையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து, கறித்துண்டுக்குள் வைத்துக் கொடுத்திருக்கிறார். பெற்ற தாய்க்கும் அந்த வீட்டில் அதே பயம்தான் என்பது எனக்கு அதுவரை உறைக்கவில்லை. மகனுக்குச் செல்லம் கொடுப்பவர், மகனின் ஆள் என்றே அவரை நினைத்திருந்தேன்.

கேப்டன் என்னை விட்டுவிட்டு மெதுவாக நடந்து போய்ப் பெற்ற தாயைக் கன்னத்தில் அறைந்தார். அத்தை அழவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு, கீழே விழாமல் நின்றார், அவ்வளவுதான்.

அப்போது கூண்டுக்குள்ளிருந்து தம்பி பேசினான். கேப்டனிடம் இல்லை, டாக்டரம்மாவிடம். பக்கத்துப் பால்காரர் தன் மாடுகளுக்குப் பூசும் உண்ணி மருந்தைக் கேட்டு வாங்கி, தண்ணீரில் கலந்து மேஜரைக் குளிப்பாட்டியதாகவும், வாடை தெரியாமல் இருக்க மேலே ஷாம்பு போட்டதாகவும் சொன்னான். எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு என்று அவனுக்குத் தெரியாது. நன்றாகக் கேட்கட்டும் என்று தாராளமாகவே ஊற்றியிருக்கிறான்.

"அடப்பாவிங்களா" என்றார் டாக்டரம்மா. "நாலு பேரும் ஒரே நாய்க்கா வெச்சீங்க?"

பிறகு அவர் யாரிடமும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. கூண்டில் கிடப்பவனைத் திறந்து விடுங்கள், தூக்க ஆள் வேண்டும் என்றார். கேப்டன் சாவியைத் தரையில் வீசினார். சோப்பு, குழாய், பழைய துணி எல்லாம் வந்தன. கையுறையை மாட்டிக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் மேஜரைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினோம். தம்பியின் உதட்டு ரத்தமும் என் நெற்றி ரத்தமும் சோப்பு நுரையில் சொட்டி ஓடின. அத்தை வீங்கிய கன்னத்தோடு தண்ணீர் ஊற்றினார். டாக்டரம்மா மாட்டு மருந்துக்கான மாற்று ஊசியைப் போட்டுவிட்டு நெஞ்சில் குழலை வைத்தபடியே இருந்தார். நேரம் போகப் போக அவர் முகம் தெளிந்தது. இதயம் பிடித்துக்கொண்டது, வலிப்பும் நின்றது. நான் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். நாய்க்காக இல்லை.

தம்பி மேஜரை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டுபோய் அதன் கூண்டில் சாக்கின் மேல் கிடத்தினான். டாக்டரம்மா எங்கள் எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னார். எழுந்திருக்கும்போது இதற்கு யாரையும் அடையாளம் தெரியாது, கண்ணும் சரியாகத் தெரியாது, சத்தம் கேட்டால் பாயும், சோறு போட்ட கையையும் கடிக்கும். தாழ்ப்பாளைப் போட்டு வையுங்கள், சாயங்காலம் வரை யாரும் உள்ளே போகக் கூடாது. இப்படிச் சொல்லிவிட்டு, அடுத்த ஊசிக்கு மருந்து எடுக்க வெளியே நிறுத்தியிருந்த ஸ்கூட்டருக்குப் போனார்.

கேப்டன் இவ்வளவு நேரமும் தொட்டி விளிம்பில் உட்கார்ந்திருந்தார். கிடங்கு முதலாளிக்கு போன் செய்து, நாய்க்குக் கொஞ்சம் உடம்பு சரியில்லை, இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அந்தக் குழைவை நான் அதற்கு முன் அவரிடம் கேட்டதே இல்லை. அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, பேச்சு பாதியில் நின்றது. போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கத்தாமல் இருந்தால்தான் ஆபத்து. தம்பியை வீட்டுக்குள் போகச் சொல்லிக் கண்ணைக் காட்டினேன். அவன் கவனிக்கவில்லை, குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

கேப்டன் எழுந்தார். தம்பியின் சட்டைக் காலரைப் பின்னாலிருந்து பிடித்து, மேஜரின் கூண்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார். மேஜர் எழுந்து நின்றிருந்தது. மூலையில் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு, கால்களை அகட்டி, அசையாமல் நின்றது. நான் ஓடி வருவதற்குள் தாழ்ப்பாளைத் திறந்து தம்பியை உள்ளே தள்ளிவிட்டார். தானும் உள்ளே போனார். தான் பக்கத்தில் நின்று சொன்னால்தான் நாய் பிடிக்கும், அப்படித்தான் அவர் பழக்கியிருந்தார்.

"யாருக்கு மருந்து வெச்சியோ, அதுவே உன்னைக் கேக்கட்டும்டா" என்றார். பிறகு, பரேடு குரலில், பிடி என்றார்.

மேஜர் அந்தக் குரல் வந்த திசைக்குத் திரும்பியது. ஒரே பாய்ச்சல். அவர் நீட்டியிருந்த கையை முழங்கைக்குக் கீழே கவ்வியது. எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டது. விடு, விடு என்று அவர் அலறினார். அவர் அலற அலற அது இன்னும் வெறியோடு உலுக்கியது, கையை விட்டுத் தொடையைப் பிடித்தது, சதை கிழிந்து தொங்கியது. சுவரில் ரத்தம் வீசி அடித்தது. தம்பி மூச்சுக் காட்டாமல், சுவரை ஒட்டிக்கொண்டு, ஒவ்வோர் அடியாகக் கதவுப் பக்கம் நகர்ந்தான். நான் கதவைத் திறந்து அவன் கையைப் பிடித்து வெளியே இழுத்தேன். இழுத்துவிட்டுக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டேன்.

உள்ளேயிருந்து கேப்டன் கதவைத் திற, கதவைத் திற என்று கத்தினார். என் கை தாழ்ப்பாளின் மேல் இருந்தது. எனக்குப் பயமாக இல்லை. நன்றாகப் பிடி, விடாதே என்று அந்த நாயை மனசார வேண்டிக்கொண்டேன். பத்து வருஷத்துக்கு மேலாக எனக்குள் கிடந்த கொதிப்பு முழுவதும் அந்தத் தாழ்ப்பாளில் இருந்தது.

அத்தையின் கை என் கை மேல் வந்து விழுந்தது. பிடுங்கத்தான் வருகிறார் என்று நினைத்து இன்னும் இறுக்கினேன். அந்தக் கை பிடுங்கவில்லை. என் கையின் மேலேயே, கொஞ்ச நேரம், சும்மா இருந்தது. அவர் கன்னத்தில் விரல் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது. உள்ளே அவர் மகன் அம்மா என்று கூப்பிட்டார். முதல் தடவை அத்தை அசையவில்லை. இரண்டாவது தடவை கூப்பிட்டபோது என் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினார்.

பெற்றவள் அல்லவா. என்னால் முடிந்தது அவரால் முடியவில்லை. கீழே கிடந்த காலிச் சாக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு, கதவைத் திறந்து உள்ளே போய், நாயின் தலையில் சாக்கைப் போட்டு அமுக்கினார். பிடி தளர்ந்தது. கேப்டன் எழுந்தார். நாய் சாக்கை உதறிவிட்டு மறுபடி பாய வந்தது. அப்போது அவர் செய்ததை நான் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன், தம்பியும் பார்த்தான். அத்தையின் தோளை நல்ல கையால் பிடித்துத் திருப்பி, நாய்க்கு முன்னால் தள்ளிவிட்டு, வெளியே பாய்ந்து, கதவை இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டான்.

ஆமாம், போட்டான். இதுவரை மரியாதை கொடுத்துச் சொல்லி வந்தேன், இனி என் வாய்க்கு அது வராது.

அத்தை கத்தக்கூட இல்லை. கூண்டுக்குள் விழும் சத்தமும் நாயின் உறுமலும்தான் கேட்டன. தம்பி அந்த நாய்ச் சங்கிலியை எடுத்தான். அவ்வளவு நாள் வாங்கியதற்கெல்லாம் சேர்த்து ஒரே அடி, காதோடு சேர்த்துக் கன்னத்தில். தாழ்ப்பாளை மறைத்துக்கொண்டு நின்றவன் மரம்போல் சாய்ந்தான். தம்பி அவனைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனான். நான் குழாயைத் திறந்து நாயின் முகத்தில் தண்ணீரைப் பாய்ச்சினேன். நாய் திகைத்து வாயைத் திறந்த நொடியில் தம்பி சாக்கோடு அதன் மேல் விழுந்து, தன் முழு எடையையும் போட்டு அமுக்கிக்கொண்டான். அது அவன் புஜத்தைக் கிழித்தது, அவன் விடவில்லை. டாக்டரம்மா ஓடி வந்து அதன் தொடையில் ஊசியை இறக்கினார். உறுமல் மெல்ல மெல்ல இறங்கி நின்றது. மேஜர் தூங்கிப்போனது. அதன் மேல் எனக்குத் துளிக் கோபம் இல்லை, அதற்கு ஒன்றுமே தெரியாது.

அத்தையின் தோளும் கழுத்தோரமும் கிழிந்திருந்தன. டாக்டரம்மா என் சேலைத் தலைப்பைக் கிழித்து அழுத்திக் கட்டினார். நாய்க்கு வெறிநாய்த் தடுப்பூசி போட்டிருக்கிறது, ஆனாலும் எல்லோரும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும், இந்த ரத்தம் நிற்காது என்றார். தம்பி ஓடிப்போய்ப் பால்காரரின் வேனைக் கூட்டி வந்தான். பால் கேன்களை இறக்கிவிட்டுப் பின்கதவைத் திறந்து வைத்தார்கள்.

கேப்டன் தொட்டியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கை உடைந்து தொங்கியது, தொடையைச் சட்டையால் சுற்றியிருந்தான், காதிலிருந்து ரத்தம் வழிந்தது. என்னை முதலில் ஏற்று, எனக்குத்தான் ரத்தம் அதிகமாகப் போகிறது என்று டாக்டரம்மாவை அதட்டிக்கொண்டிருந்தான். பிறகு குரலை மாற்றி, அம்மா, நீ என் பக்கத்தில் வந்து உட்கார், என்னைப் பிடித்துக்கொள் என்றான். எழுந்து நொண்டி நொண்டி வந்து அத்தையைத் தூக்கிவிடுவதுபோல் நல்ல கையை நீட்டினான்.

அத்தை அவனைப் பார்க்கவில்லை. தரையில் கிடந்தபடியே தலையைத் திருப்பி என் தம்பியைத் தேடினார்.

"தம்பி, என்னை நீ தூக்கிக்கோப்பா. அவன் கை என் மேல படக் கூடாது."

தம்பியால் ஒரு கையைத் தூக்கவே முடியவில்லை. ஆனாலும் அவரை நெஞ்சோடு சேர்த்துத் தூக்கி வேனில் கிடத்தி, தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். நானும் ஏறினேன். கேப்டன் வேனின் படியில் ஒரு காலை வைத்தான்.

"இடம் இல்ல" என்றேன்.

எனக்கு எதிரில் இருந்த பலகை முழுவதும் காலியாகக் கிடந்தது. அவன் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், கடைசியாக அம்மாவைப் பார்த்தான். அத்தை கண்ணை மூடிக்கொண்டார். நான் பால்காரரிடம் வண்டியை எடுக்கச் சொன்னேன்.